பிரிந்த பெற்றோரும் குழந்தையின் ஜீவனாம்சமும்

கணவனும் மனைவியும் மனம் ஒவ்வாது பிரிந்து வாழ நேர்வது வருந்தத்தக்கதே. எனினும் அஃது அரிதான நிகழ்ச்சியன்று. மணவாழ்வை முறித்துக்கொள்ளச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. பெற்றோர் என்னும் உறவை முறித்துக்கொள்ள மட்டும் எச்சட்டத்திலும் வழியில்லை. பெற்றோர் பிரிந்த மறுநாளும் குழந்தைக்குப் பசிக்கும். பள்ளிச் சம்பளம் கட்டவேண்டிய நாள் தவறாமல் வரும். மழைக்காலத்தில் காய்ச்சலும் வரும். இச்செலவுகளை யார் ஏற்பது, எவ்வளவு ஏற்பது, ஏற்க வேண்டியவர் ஏற்காவிடில் என்ன செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கு நம் நாட்டுச் சட்டம் தரும் விடைகளை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஜீவனாம்சம்' என்னும் சொல், உயிர் வாழ்வதற்கு உரிய பங்கு என்று பொருள்படும். பங்கு என்பது உரிமையுள்ளவருக்குச் சேர வேண்டியது. கொடுப்பவர் மனமிரங்கி அளிக்கும் தானமன்று. குழந்தைக்கென்று கேட்கப்படும் தொகையைத் தாய் கேட்கலாம், பாட்டி கேட்கலாம், வேறு பாதுகாவலர் கேட்கலாம். யார் கேட்பினும் உரிமை குழந்தையுடையதே. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் விதிகள் பலவும் தாமே விளங்கும்.

ஜீவனாம்சம் பற்றிய சட்டங்கள் ஒன்றல்ல, பல. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், மைனர் குழந்தையைக் காப்பாற்றும் கடமையைத் தந்தை, தாய் ஆகிய இருவர் மீதும் சுமத்துகிறது. மணமாகாத மகள் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத நிலையில், அவள் வயது வந்த பின்னரும் அக்கடமை நீடிக்கிறது. விவாகரத்து வழக்கு நடைபெறும்போது, அந்த வழக்கிலேயே குழந்தையின் பராமரிப்புக்கும் கல்விக்கும் உத்தரவு பெற 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும், 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டமும் இடமளிக்கின்றன.

இவை யாவற்றினும் எளியதும், எம்மதத்தினருக்கும் பொதுவானதுமாகிய வழி ஒன்றுண்டு. அது 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488-ஆம் பிரிவாக இருந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக நிற்கிறது. எண்கள் மாறினவேயன்றி அடிப்படை மாறவில்லை. போதிய வசதி இருந்தும் தன் குழந்தையைக் காப்பாற்றத் தவறுகிறவரை, மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துமாறு மாஜிஸ்டிரேட் பணிக்கலாம். குடும்ப நீதிமன்றம் அமைந்துள்ள ஊர்களில் இவ்வதிகாரம் அந்நீதிமன்றத்தையே சாரும். பெற்றோர் முறைப்படி மணந்தவரா அல்லரா என்னும் கேள்வி குழந்தையின் உரிமையைப் பாதிப்பதில்லை. விவாகரத்துப் பெற்ற முஸ்லிம் பெற்றோரின் குழந்தைகளுக்கும் இவ்வுரிமை உண்டென்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உடற்குறையாலோ மனக்குறையாலோ தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு, வயது வந்த பின்னரும் இப்பிரிவு துணை நிற்கிறது. மணமான மகள் மட்டும் இதற்கு விலக்கு.

தொகையை எவ்வாறு நிர்ணயிக்கிறார்கள்? 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட இயலாதிருந்தது. விலைவாசி எங்கோ சென்றபின்னும் அவ்வரம்பு அப்படியே இருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. இப்பொழுது மேல் வரம்பு கிடையாது. வருவாயில் இத்தனை சதவீதம் என்னும் கட்டாயக் கணக்கும் சட்டத்தில் இல்லை. தந்தையின் வருவாய், அவர் தாங்கவேண்டிய பிறர், தாயின் வருவாய், பெற்றோர் சேர்ந்து வாழ்ந்த நாளில் குழந்தை கண்ட வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைச் சீர்தூக்கி நீதிமன்றம் முடிவு செய்கிறது. உணவு, உடை, உறையுள், மருத்துவம், கல்வி ஆகியன குழந்தையின் செலவில் அடங்கும். தாயும் நன்கு பொருளீட்டுபவராயின், இச்செலவை இருவரும் தத்தம் வருவாய்க்கேற்பப் பகிர்ந்துகொள்ளுமாறு பணிக்கலாம்.

வருவாயை மறைப்பதே இவ்வழக்குகளில் காணும் பெருந்தொல்லை. தொழில் செய்பவர் நஷ்டக் கணக்குக் காட்டுவார். வேலையில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டதாகக் கூறுவார். இதற்கு மருந்தாக, 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. அதன்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பினரும் தம் வருவாய், சொத்து, கடன் ஆகிய அனைத்தையும் விவரித்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பினர் நான்கு வாரங்களுக்குள் தம் பத்திரத்தைத் தர வேண்டும். வேண்டுமென்றே காலம் கடத்துவோரின் எதிர்வாதத்தை நீதிமன்றம் தள்ளிவிடவும் கூடும். மனுச் செய்த நாள் முதலே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. ஆகவே, வழக்கு ஈராண்டு நீடித்தாலும் அவ்வீராண்டுத் தொகை குழந்தைக்கு வீணாவதில்லை. வேலையில்லை என்று சொல்லித் தப்ப முயல்வோருக்கு, உடல் வலிமையுள்ளவர் உழைத்தேனும் மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நினைவூட்டியது.

இறுதித் தீர்ப்பு வரும்வரை குழந்தை பட்டினி கிடத்தலாகாது அன்றோ? அதன் பொருட்டே இடைக்கால ஜீவனாம்சம் ஏற்பட்டது. அதற்கான மனுவை, எதிர்த்தரப்பினருக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டுமென்பது சட்டத்தின் கட்டளை. நோட்டீஸை வாங்காமல் ஒளிபவரும், நீதிமன்றத்துக்கு வராமல் அலட்சியம் செய்பவரும் தப்பிவிட முடியாது. அவர் இல்லாமலே விசாரணை நடத்தி உத்தரவிடலாம். தக்க காரணம் காட்டி அதனை நீக்கக் கோர அவருக்கு மூன்று மாத அவகாசமே உண்டு.

இனி, உத்தரவு கையில் இருந்தும் பணம் வராத நிலையைப் பார்ப்போம். பலர் தளர்ந்து போவது இவ்விடத்திலேதான். ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தில்லியில் வாழ்ந்த தம்பதியர் பிரிந்தனர். தாய் ஏழு வயதுப் பெண் குழந்தையுடன் தில்லியிலேயே தம் தமையனார் வீட்டில் தங்கினார். தந்தை நாகபுரியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். தாய் தாம் வசிக்கும் தில்லியிலேயே மனுச் செய்யலாம். நாகபுரிக்கு அலைய வேண்டியதில்லை. மாதந்தோறும் 5-ஆம் தேதி குழந்தைக்கு 6,000 ரூபாய் செலுத்துமாறு உத்தரவாயிற்று. சில மாதங்கள் பணம் வந்தது. ஒரு ஜனவரி மாதம் முதல் நின்றுவிட்டது.

இப்போது தாய் செய்யத்தக்கது யாது? அந்த உத்தரவின் நகல் ஒன்று அவருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும். தந்தை இந்தியாவில் எவ்விடத்தில் இருப்பினும், அவ்விடத்து மாஜிஸ்டிரேட் அதனை நிறைவேற்றலாம்; தில்லி உத்தரவு நாகபுரியிலும் செல்லும். பாக்கிக்காகத் தாய் மனுச் செய்தால், போதிய காரணமின்றிச் செலுத்தத் தவறிய ஒவ்வொரு தடவைக்கும், அபராதம் வசூலிக்கும் முறையில் வாரண்டு பிறப்பிக்கலாம். அசையும் பொருள்களை ஜப்தி செய்யலாம். நிலவரி பாக்கியைப் போல வசூலிக்குமாறு கலெக்டருக்கு எழுதலாம். அதன் பின்னும் பாக்கி நிற்குமாயின், செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் செலுத்தினால் செலுத்தும் வரை, சிறைத் தண்டனை விதிக்கலாம். சிறைக்குச் சென்று வந்தமையால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. சிறை என்பது பணம் கட்டச் செய்யும் வழியேயன்றிப் பணத்துக்கு ஈடன்று என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

சம்பளத்தையும் ஜப்தி செய்யலாம். மற்றக் கடன்காரர்கள் ஒருவருடைய சம்பளத்தில் கைவைக்கும்போது, முதல் 1,000 ரூபாயையும், எஞ்சியதில் மூன்றில் இரு பங்கையும் சட்டம் அவருக்கே விட்டுவிடுகிறது. ஜீவனாம்ச டிக்ரியை நிறைவேற்றும்போதோ, மூன்றில் ஒரு பங்கைத்தான் அவருக்கென்று காக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவனுடைய கோரிக்கையைக் காட்டிலும் குழந்தையின் கோரிக்கையைச் சட்டம் எவ்வளவு மேலாக மதிக்கிறது என்பதற்கு இவ்வேறுபாடே சான்று.

ஆயினும் நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் எச்சரிக்கை ஒன்றுண்டு. மேற்கூறிய வாரண்டைப் பெற, தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். நம் உதாரணத்திலுள்ள தாய், 'அடுத்த மாதம் அனுப்பிவிடுவார்' என்று பொறுத்திருந்து, அடுத்த ஆண்டு மார்ச் மாத இறுதியில்தான் நீதிமன்றத்தை அணுகினார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 15 தவணைகள், அதாவது 90,000 ரூபாய், நின்றுபோயிருக்கும். அவற்றில் முதல் மூன்று தவணைகளுக்கு ஓராண்டு கடந்துவிட்டது. 72,000 ரூபாய்க்கு வாரண்டு கிடைக்கும். 18,000 ரூபாய்க்கு இவ்வழி அடைபட்டுவிடும். பொறுமை நற்குணமே, ஆனால் அப்பொறுமைக்குரிய விலையைத் தாய் மட்டும் கொடுக்கவில்லை, குழந்தையும் கொடுக்கிறது. ஆதலின், பணம் வந்த தேதியையும் வராத மாதத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவதும், தொகையை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கின் மூலமே பெறுவதும் நலம். கொடுப்பவருக்கும் அதுவே பாதுகாப்பு. செலுத்தவில்லை என்று பின்னர் எவரும் சொல்ல இயலாது.

தந்தையரின் தரப்பையும் நாம் கேட்பது நியாயம். 'குழந்தையை என் கண்ணிலேயே காட்டுவதில்லை. நான் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?' என்று வினவுவோர் உளர். அவர்களுடைய மனத்துயர் உண்மையானதே. குழந்தையைக் காணும் உரிமைக்கு அவர்கள் தனியே நீதிமன்றத்தை நாடலாம், நாடவும் வேண்டும். ஆனால் அதற்கும் ஜீவனாம்சத்துக்கும் முடிச்சுப் போடுதல் தகாது. பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைத் தந்தையிடமிருந்து மறைப்பதும் அவ்வாறே தவறு. இரண்டும் குழந்தைக்கு உரியவை. ஒன்றை இழந்த குழந்தைக்கு மற்றொன்றையும் மறுப்பது எவ்வகையில் நீதியாகும்? இனி, வேலை போயிற்று, நோய் வந்தது என்னும் நிலை ஏற்படின், தாமாகவே தொகையை நிறுத்திவிடுவது ஆபத்து. சூழ்நிலை மாறியதை எடுத்துக்காட்டித் தொகையைக் குறைக்குமாறு மனுச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. அதைப் போலவே, குழந்தை வளர்ந்து செலவு பெருகும்போது, கூட்டித் தருமாறு தாயும் கேட்கலாம்.

விவாகரத்துப் பேச்சின்போது, 'ஒரு தொகையை வாங்கிக்கொண்டேன். இனிக் குழந்தைக்கென்று எதுவும் கேட்கமாட்டேன்' என்று தாய் கையெழுத்திடுவதும் உண்டு. அத்தகைய வாசகம் குழந்தையின் வாயை அடைத்துவிடாது. பிறருடைய உரிமையை விட்டுக்கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. அப்பிறர் தாம் பெற்ற குழந்தையாயினும் சரி.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குவோர்க்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், அவர்களுடைய வருவாய் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுவார்கள். திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளிச் செலவு ரசீதுகள், எதிர்த்தரப்பினரின் வேலை பற்றித் தெரிந்த விவரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்வது வேலையை எளிதாக்கும்.

சட்டம் சோற்றுக்கும் துணிக்கும் பள்ளிக்கும் வழி செய்யும். அன்பை வாரண்டு அனுப்பி வரவழைக்க அதனால் இயலாது. எனினும், மாதந்தோறும் குறித்த நாளில் தவறாது வந்து சேரும் தொகை, தன்னைப் பெற்றவர் தன்னை மறக்கவில்லை என்பதைக் குழந்தைக்குச் சொல்லாமற் சொல்லும். பிரிந்து வாழும் பெற்றோர் தமக்குள் எத்தனை வழக்காடினும், இந்த ஒரு கணக்கை மட்டும் பாக்கியின்றி வைத்துக்கொள்வார்களாக.