ஊக்கி மருந்திலிருந்து மீள்வோருக்கு ஊட்டச்சத்து மாத்திரை எந்த அளவுக்கு உதவும்?

மூளையின் விழிப்பையும் இதயத்தின் துடிப்பையும் முடுக்கிவிடும் மருந்துகளுக்கு ஊக்கி மருந்துகள் என்று பெயர். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய்க்கான மோடாஃபினில், அறுவை அரங்கில் சரியும் இரத்த அழுத்தத்தை உயர்த்தப் போடப்படும் மெஃபென்டெர்மின் ஊசி ஆகிய மூன்றும் மருத்துவர் அளந்து தரும்வரை பயனுள்ளவை. தேர்வுக்குக் கண்விழிக்கவும், இரவுப் பணியைத் தாக்குப்பிடிக்கவும், ஜிம்மில் கூடுதல் எடை தூக்கவும் சொந்த முடிவில் எடுக்கப்படும்போது இவையே சார்புநிலைக்கு, அதாவது மருந்தின்றி அன்றாடம் இயங்க முடியாத நிலைக்கு வழிவகுக்கின்றன. உடற்பயிற்சிக்கு முன் மெஃபென்டெர்மின் ஊசி போட்டுப் பழகி அதற்கு அடிமையான இளைஞர்களைப் பற்றிய நோயாளர் குறிப்புகள் இந்திய மனநல மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ளன. எய்ம்ஸின் தேசிய போதை சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியரில் 0.18 விழுக்காட்டினர் ஆம்ஃபெட்டமின் வகை ஊக்கிகளைப் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது.

இப்பழக்கத்தை விட முயல்வோர் பலரும் மருத்துவரிடம் செல்வதற்கு முன் சப்ளிமென்ட் எனப்படும் துணை ஊட்டப் பொருள்களை நாடுகின்றனர். கோவையின் ஜிம்களிலும் மருந்துக் கடைகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் அவை எளிதில் கிடைப்பதால், எது உதவும், எது வீண், எது தீங்கு என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

மருந்தை விட்டபின் உடலில் நடப்பது

ஊக்கமும் நிறைவுணர்வும் எழுவதற்குத் துணைநிற்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்துகிறது. ஊக்கி மருந்துகள் அதன் அளவை இயல்புக்கு மீறி நீண்ட காலம் உயர்த்தி வைக்கும்போது, மூளை டோபமினைப் பெற்றுக்கொள்ளும் தன் ஏற்பிகளைக் குறைத்து அந்த மிகைக்கு ஈடுகட்டிக்கொள்கிறது. மருந்து திடீரென்று நின்றதும் குறைந்த ஏற்பிகள் மட்டுமே எஞ்சுவதால், சோர்வும், மனத்தாழ்வும், மிகுதூக்கம் அல்லது தூக்கமின்மையும், கெட்ட கனவுகளும், அடங்காப் பசியும் தோன்றுகின்றன. இந்நாள்களில் தற்கொலை எண்ணம் எழக்கூடும் என்பதால், நோயாளரைத் தனியே விடாமல் குடும்பத்தார் உடனிருப்பது இன்றியமையாதது.

இந்தப் பாதிப்பு பெருமளவு மீளக்கூடியது என்பது ஆறுதலான செய்தி. அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2001இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், ஆம்ஃபெட்டமின் வகை ஊக்கியான மெத்தாம்ஃபெட்டமினை விட்டு 12 முதல் 17 மாதங்கள் விலகியிருந்தவர்களின் மூளையில் டோபமினைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திகள் கணிசமாக மீண்டிருந்தன. ஆனால் நினைவாற்றல், உடலியக்கச் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் தென்படவில்லை. ஆகவே மீட்சியை வாரக் கணக்கில் எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும் என்பதையும், பொறுமையாக விலகியிருந்தால் மூளை தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்பதையும் இவ்வாய்வு ஒருசேர உணர்த்துகிறது.

தைரோசினும் என்ஏசியும்

உணவுப் புரதத்தில் உள்ள தைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்தே உடல் டோபமினைத் தயாரிப்பதால், அதை மாத்திரையாக விழுங்கினால் டோபமின் பெருகும் என்ற கருத்து பரவலாக உள்ளது. உண்மையில் தயாரிப்பின் வேகத்தை நிர்ணயிப்பது தைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியே. சோமனூர்த் தறிக்கூடத்தில் நூலை மூட்டை மூட்டையாகக் குவித்தாலும் தறி ஓடும் வேகத்துக்குத்தான் துணி விழும் என்பதைப் போன்றது இது. மற்றோர் ஊக்கியான கோகைனின் சார்பிலிருந்து மீள்வோருக்குத் தைரோசினையும் டிரிப்டோஃபான் என்ற மற்றோர் அமினோ அமிலத்தையும் கொடுத்து 1990இல் வெளியான இரட்டை மறைப்பு ஆய்வு, அதாவது யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பது இரு தரப்புக்கும் தெரியாமல் நடந்த ஆய்வு, குறிப்பிடத்தக்க பயன் எதையும் காணவில்லை.

என்ஏசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் என்-அசிட்டைல்சிஸ்டைன், தொடக்கநிலை ஆய்வுகளில் நம்பிக்கை தந்த பொருள். ஆஸ்திரேலியாவில் மெத்தாம்ஃபெட்டமின் சார்புடைய 153 பேரிடம் நாளொன்றுக்கு 2,400 மில்லிகிராம் வீதம் 12 வாரங்கள் சோதிக்கப்பட்டு 2021இல் முடிவு வெளியானபோது, அது போதைப் பயன்பாட்டையோ ஏக்கத்தையோ குறைக்கவில்லை என்று தெரியவந்தது.

கேடு விளைவிக்கக்கூடியவை

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் பூனைக்காலி விதையில் டோபமினின் நேரடி முன்பொருளான எல்-டோபா செறிந்துள்ளது. அது மேற்சொன்ன நொதியின் கட்டுப்பாட்டைத் தாண்டி டோபமினாக மாறுவதால், ஊக்கிகளால் ஏற்கெனவே சந்தேகமும் மாயக்காட்சியும் கண்டவர்களுக்கு மனக்குழப்பத்தைத் தூண்டக்கூடும். மொசாம்பிக்கில் 1989இல் பஞ்சத்தின்போது இவ்விதையை உண்ட 200க்கும் மேற்பட்டோருக்குக் கடும் மனப்பிறழ்வு ஏற்பட்டது மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. அமுக்கராவோ பலருக்குத் தீங்கின்றி அமைந்தாலும், கல்லீரல் பாதிப்பு நேர்ந்த நோயாளர்களும் பதிவாகியுள்ளதால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. மனத்தாழ்வுக்காக மருத்துவர் தந்த மாத்திரையோடு டிரிப்டோஃபான், 5-எச்டிபி போன்றவற்றைச் சேர்த்தால், செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி உயர்ந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை உருவாகலாம்.

உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ-வொர்க்அவுட் பொடிகளில் மிகுந்த அளவில் காஃபீன் இருப்பதால், அவை ஊக்கிக்கு மாற்றாக அமையாமல் ஊக்கியின் பழக்கத்தையே வேறு உருவில் தொடரச் செய்கின்றன. பொருளின் தரமும் ஐயத்துக்குரியது. கொச்சி ராஜகிரி மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் அப்பி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 விழுக்காட்டுப் பொடிகளில் புரத அளவு குறித்த தகவல் தவறாக இருந்தது. 14 விழுக்காட்டில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு காணப்பட்டது.

விற்பனைக் கட்டுப்பாட்டிலும் வேறுபாடு உண்டு. மெத்தில்ஃபெனிடேட் மருந்து இந்திய மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருப்பதால், இரு பிரதிகளாக எழுதிய மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே அதை விற்க முடியும். கடைக்காரர் ஒரு பிரதியை 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். துணை ஊட்டங்களுக்கு மருந்துச் சீட்டே தேவையில்லை. அவை மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று உறையில் அச்சிட வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்தன. வாங்குவோர் முதலில் படிக்க வேண்டிய வரி அதுவே.

உண்மையில் உதவுபவை

ஊக்கிகள் பசியை அடக்குவதால், நீண்ட காலம் பயன்படுத்தியவர்கள் எடை குறைந்து, இரும்பு, பி12, டி வைட்டமின் போன்ற சத்துகளில் குறைபட்டிருக்க வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனையில் குறை உறுதியானால், அதற்குரிய மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவிலும் காலத்திலும் எடுப்பது முறையான சிகிச்சை. சோதிக்காமல் அளவின்றி விழுங்குவதற்கு விலையுண்டு. எடுத்துக்காட்டாக, பி6 வைட்டமினை மிகை அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்புகள் பாதிக்கப்படும்.

புரதத் தேவைக்கு விலையுயர்ந்த டப்பாக்கள் வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 0.83 கிராம் புரதம் தேவை என்பதால், 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம் போதும். கொங்கு வீடுகளில் வழக்கமான கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்பு சாதம், பச்சைப்பயறு கடைசல், நிலக்கடலை, தயிர், முட்டை ஆகியவை சுழற்சியாக இடம்பெறும் உணவு, தைரோசினையும் சேர்த்தே தந்துவிடும். பசி அலைமோதும் முதல் வாரங்களில் இனிப்பாலும் பொரித்த பண்டங்களாலும் வயிற்றை நிரப்பாமல், வேளை தவறாமல் உண்பதே பயனளிக்கும்.

மூளைக்கு நேரடியாக உதவுவதாகச் சான்றுள்ள எளிய வழி உடற்பயிற்சி. மெத்தாம்ஃபெட்டமினிலிருந்து மீள்வோரிடம் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் நடத்தி 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 8 வாரப் பயிற்சிக்குப் பின் டோபமின் ஏற்பிகள் கூடியிருந்தன. ஆனால் மருந்து புழங்கிய அதே ஜிம்முக்கு உடனே திரும்பாமல், நடைப்பயிற்சியிலோ மிதிவண்டியிலோ தொடங்குவது நல்லது.

ஊக்கிச் சார்பைக் குணப்படுத்துவதற்கென்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அங்கீகரித்த மருந்து எதுவும் இதுவரை இல்லை. போதையின்றி இருந்ததைச் சோதனையில் உறுதிசெய்து சிறு பரிசு வழங்கும் முறையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சையுமே வலுவான சான்றுடையவை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, தமிழ்நாட்டு மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம். ஏடிஎச்டிக்காக முறையாக மருந்து எடுப்பவர்கள் இக்கட்டுரையைப் படித்துத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

முதல் சந்திப்பிலேயே வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பொடிகளையும் சூரணங்களையும் மருத்துவர் முன் வைத்துவிட வேண்டும். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்வதே, துணை ஊட்டங்கள் சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் அதற்குத் துணையாக மட்டும் நிற்பதற்கான உறுதியான வழி.