தண்ணீர் வரலையா? முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள்

புதுக்கோட்டையில் குழாய் காற்றை ஊதினால், முதலில் எட்டிப் பார்ப்பது பக்கத்து வீட்டைத்தான்: "உங்களுக்கு வந்துச்சாக்கா?" அங்கும் இல்லையென்றால் வால்வு திறந்துவிடுபவருக்குப் போன் போகும். அவர் எடுக்காவிட்டால் கவுன்சிலர். கடைசியில் காலிக்குடங்களோடு சாலை மறியல். இத்தனையிலும் அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறியிருக்காது.

அந்த முதல் கேள்வி உண்மையில் நல்ல கேள்வி. புகாரை யாரிடம் கொண்டுபோவது என்பது அதில்தான் தெரியும். உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வீட்டு இணைப்பில். தெரு முழுக்க இல்லையென்றால் வால்விலோ பகிர்மானக் குழாயிலோ. அல்லது மேட்டு வீட்டுக்காரர் யாரோ குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார். அதைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. இவையெல்லாம் 2024 ஆகஸ்டில் நகராட்சியிலிருந்து தரம் உயர்ந்த மாநகராட்சியின் பொறுப்பு.

ஊரே வறண்டால் கதை வேறு. 1878-ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி காலத்தில் குடிநீர் என்றால் ஊர்க்குளம். கோளாறும் கண்ணெதிரே தெரியும். இன்று தண்ணீர் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து நெடுந்தூரம் குழாயில் வருகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் பெரிய குழாய்கள் 1971-ல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். வழியில் எங்கோ குழாய் உடைந்தால் மாநகராட்சி வாரியத்தைக் காட்டும், வாரியம் மின்தடையைக் காட்டும். வரி கட்டுகிறவருக்கு இந்த எல்லைக்கோடு எதற்கு? மனுவை வாங்கிய அலுவலகமே உரிய இடத்துக்கு அனுப்புவதுதான் முறை.

பாதாளச் சாக்கடை விஷயத்தில் அவசரம் ஆளைக் கொல்லும். மேன்ஹோல் பொங்கி வாசலில் கழிவுநீர் நிற்கும்போது, அடைப்பெடுக்க யாரையாவது கூப்பிட்டு உள்ளே இறக்கத் தோன்றும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்கியவர் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாக்கடை, செப்டிக் டேங்க் வேலைக்கு உதவி எண் 14420.

கிராமங்களில் பொறுப்பு ஊராட்சியுடையது. மேல்நிலைத் தொட்டியின் தூணைப் பாருங்கள்: சுத்தம் செய்த நாள், அடுத்து செய்ய வேண்டிய நாள் இரண்டும் பெயின்டில் எழுதியிருக்கும். பல இடங்களில் அந்தத் தேதி பழசாகவே கிடக்கும். இது சின்ன விஷயமல்ல. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயல் கிராமத்தில் பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்தது எப்படி? குழந்தைகள் நோய்வாய்ப்பட்டார்கள், மருத்துவர் தண்ணீரைச் சந்தேகித்தார், ஊர்க்காரர்களே மேலே ஏறிப் பார்த்தார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், 2025 ஜனவரியில் அதே ஊரைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. நிறமோ வாடையோ மாறினால் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாரியத்துக்கு ஆய்வகம் இருக்கிறது.

வாய்ப்பேச்சுப் புகாருக்கு ஆயுள் குறைவு. மாநகராட்சியில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; முதல்வர் உதவி மைய எண்ணான 1100-ஐ அழைத்தால் மனு எண் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது அந்த எண் கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறும். அதற்கும் பதிலில்லை என்றால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "என் மனு என்ன ஆனது?" என்று கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.