வட்டக்கானலில் தங்கிப் போகும் இளைஞர்கள்

கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், மலை முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது வட்டக்கானல். சரிவை வெட்டிக் கட்டிய சிறு வீடுகள், ஒரு வண்டி ஒதுங்கினால்தான் இன்னொரு வண்டி போகக்கூடிய சாலை, சாலையோரக் கடைகள், இவ்வளவுதான் ஊர். மேகம் விலகினால் தெற்கே பெரியகுளம் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். சற்று நேரத்தில் எதிர்வீடுகூடத் தெரியாது. கொடைக்கானலுக்கு வரும் குடும்பங்கள் டால்பின் நோஸ் பாறையைப் பார்ப்பதற்காக இந்த ஊரைக் கடந்து போய், சில மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றன. தங்குகிறவர்கள் வேறு. 1990களுக்குப் பிறகு இங்கே வாரக்கணக்கில் தங்க ஆரம்பித்தவர்களில் கணிசமானோர் இஸ்ரேலிலிருந்து வந்த இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். 'குட்டி இஸ்ரேல்' என்று ஊருக்கு ஒரு பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது.

எல்லோரும் ஏன் ஒரே வயதில் வருகிறார்கள் என்பதற்கு விடை ராணுவத்தில் இருக்கிறது. இஸ்ரேலில் பெரும்பாலான யூத இளைஞர்களும் இளம்பெண்களும் 18 வயதில் கட்டாய ராணுவப் பணிக்குப் போகிறார்கள். ஆண்களுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு, பெண்களுக்கு இரண்டு ஆண்டு. நம் ஊரில் கல்லூரியில் கழியும் வயதை அவர்கள் சோதனைச் சாவடியிலும் பாசறையிலும் கழிக்கிறார்கள். விடுவிக்கப்பட்டதும் பலர் உடனே படிக்கப் போவதில்லை. உணவகத்திலோ கடையிலோ சில மாதம் வேலை பார்த்துக் காசு சேர்த்துக்கொண்டு, முதுகுப்பையுடன் வெளிநாடு கிளம்புகிறார்கள். 'பெரிய பயணம்' என்று அதற்குப் பெயர். தென் அமெரிக்கா ஒரு திசை, இந்தியா இன்னொரு திசை. இந்தப் பழக்கத்தைச் சமூகவியலாளர்கள் வெறும் சுற்றுலாவாகப் பார்ப்பதில்லை. சிறுபிள்ளைப் பருவத்துக்கும் பொறுப்பான வாழ்க்கைக்கும் நடுவில் வரும் ஒரு சடங்காகவே பார்க்கிறார்கள். ஹயீம் நோய், எரிக் கோஹன் ஆகிய இருவரும் 2005இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வு நூல் ஒன்று முழுக்க இதைப் பற்றியது.

இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் முழுமையான தூதரக உறவு ஏற்பட்டது 1992 ஜனவரியில். அதன் பிறகுதான் இந்த வரத்து பெருகியது. 2014இல் இந்தியா மின்னணு விசா வழங்கத் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே இஸ்ரேல் இடம்பெற்றது. வெயில் காலத்தில் இவர்களை இமாசலப் பிரதேசத்தின் கசோலிலும் தரம்கோட்டிலும் காணலாம். வடக்கே பனி இறங்கியதும் கூட்டம் தெற்கே நகர்கிறது: கோவா, கோகர்ணா, ஹம்பி, பிறகு வட்டக்கானல். முன்னே போனவர் பின்னே வருகிறவருக்குச் சொல்லித்தான் இந்த வழித்தடம் உருவானது. எந்த அரசு விளம்பரமும் இவர்களை இங்கே கொண்டுவந்து சேர்க்கவில்லை.

கடற்கரையும் புகழ்பெற்ற கோயிலும் இல்லாத இந்த ஊர் அவர்களுக்கு ஏன் பிடித்தது? குளிர் ஒரு காரணம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், மார்கழி, தை மாத இரவுகளில் கம்பளி இல்லாமல் உட்கார முடியாது. வாடகை இன்னொன்று. கொடைக்கானல் நகரத்து விடுதிகள் நாள் கணக்கில் பணம் வாங்க, வட்டக்கானலில் சமையலறையோடு கூடிய வீட்டை நாலைந்து பேர் சேர்ந்து வாரத்துக்கோ மாதத்துக்கோ எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் பெரிய காரணம், இங்கே செய்வதற்கு எதுவுமில்லை என்பதே. மூன்றாண்டு மணியடித்ததும் எழுந்து, கட்டளைப்படி நடந்த ஒருவருக்கு, வெயில் வந்த பிறகு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை மற்றவர்கள் ஊகிக்கத்தான் முடியும்.

ஊர் அவர்களுக்காகத் தன் அடுப்பை மாற்றிக்கொண்டது. இட்லியும் பிரெட் ஆம்லெட்டும் போட்ட கடைகளில் ஷக்‌ஷூகா வந்தது. தக்காளியையும் குடைமிளகாயையும் பூண்டு, சீரகத்தோடு வதக்கிக் கூழாக்கி, அதில் குழி பண்ணி முட்டைகளை உடைத்து ஊற்றி, மூடிபோட்டு வேகவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியோடு அப்படியே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். மஞ்சள்கரு முழுக்க வெந்துவிடக் கூடாது. முட்டைத் தொக்கு செய்து பழகிய கைக்கு இது புதிதல்ல. வெந்த கொண்டைக்கடலையை எள் விழுதோடும் எலுமிச்சைச் சாறோடும் அரைக்கும் ஹம்மஸும் அதேபோல் எளிதாக வந்தது. கடைப் பலகைகளில் ஹீப்ரு எழுத்து ஏறியது. வலமிருந்து இடமாகப் போகும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத கடைக்காரர்களும் விலை சொல்லவும் நலம் விசாரிக்கவும் போதுமான ஹீப்ரு பேசக் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் சொல்லித்தராத ஒரு மொழியைப் பிழைப்பு சொல்லித்தந்தது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குகிறது. வீட்டில் இதையெல்லாம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்காத பிள்ளைகளும் அந்நிய மலையில் அன்றைய இரவு உணவுக்கு ஒன்றுகூடுகிறார்கள். உலகெங்கும் யூதப் பயணிகள் கூடும் ஊர்களில் சபாத் என்ற யூத மத இயக்கத்தார் இதற்கென்றே இல்லங்கள் நடத்துகிறார்கள். வட்டக்கானலிலும் சீசனில் அப்படி ஓர் இல்லம் இயங்கிவந்திருக்கிறது.

இப்படிக் கூடி வாழ்வதில் ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே மொழி, ஒரே உணவு, ஒரே நண்பர் வட்டம் என்று இருந்துவிட்டு, தமிழ்நாட்டில் ஒரு மாதம் இருந்தும் தமிழ்நாட்டைப் பார்க்காமலே திரும்பியவர்கள் பலர். இந்தியாவுக்கு வரும் இஸ்ரேலிய இளைஞர்களை ஆராய்ந்த தாரியா மாவோஸ், 2006இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். பயணி உள்ளூர்க்காரரைப் பார்க்கிறார் என்று மட்டுமே பேசுகிறோம். உள்ளூர்க்காரரும் பயணியைக் கூர்ந்து பார்த்து, எடைபோட்டு, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறார் என்பதே அவர் வாதம். வட்டக்கானல் கடைப்பலகைகளே இதற்குச் சான்று.

அமைதி தேடி வந்தவர்களைத் தேடி ஆபத்தும் வந்தது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் சபாத் இயக்கத்தின் நரிமன் இல்லம் குறிவைக்கப்பட்டதிலிருந்தே நாடெங்கும் இஸ்ரேலியர் கூடும் இடங்கள் காவல்துறையின் கவனத்துக்கு வந்தன. 2016 அக்டோபரில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் கனகமலையில் ரகசியமாகக் கூடிய ஒரு குழுவைத் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. வட்டக்கானலுக்கு வரும் வெளிநாட்டவரைத் தாக்குவதும் அவர்கள் திட்டத்தில் இருந்தது என விசாரணையில் தெரியவந்தது. 2019 நவம்பரில் கொச்சி சிறப்பு நீதிமன்றம் இவ்வழக்கில் ஆறு பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. நல்வேளையாக வட்டக்கானலில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்த பிள்ளைகள், துப்பாக்கி ஏந்திய காவலுக்கு நடுவே ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. 2023 அக்டோபரில் போர் மூண்டபோது இஸ்ரேல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ரிசர்வ் வீரர்களை மீண்டும் பணிக்கு அழைத்தது. உலகின் பல மூலைகளில் பயணத்தில் இருந்த பலர் பாதியிலேயே விமானம் ஏறினார்கள்.

இந்திய இளைஞர்களின் வரத்து வேறு வகை. பெங்களூரு, சென்னை, கொச்சியிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி, வத்தலக்குண்டு வழியாக விடிகாலையில் மலையேறி, ஞாயிறு மாலை இறங்கிவிடுகிறார்கள். இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டிய அவசரம் அவர்களுடையது. அந்த அவசரமே பல விபத்துகளுக்கு வேர். 2006இல் கொச்சி அருகே மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் கொடைக்கானலில் உள்ள குணா குகைப் பக்கம் ஆழமான பிளவுக்குள் விழுந்ததும், கூட வந்த நண்பரே இறங்கி அவரை மீட்டதும் 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படமாக வந்தது. படத்தின் வெற்றி, அதே குகையைப் பார்க்கப் பெருங்கூட்டத்தைக் கூட்டியது. படம் சொன்ன எச்சரிக்கையைவிட அது காட்டிய இடமே பலருக்கு நினைவில் நின்றது வருத்தத்துக்குரியது. போதைக் காளானைத் தேடி வருகிற கூட்டமும் உண்டு. அதிலுள்ள சைலோசிபின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. காட்டில் முளைக்கும் காளானில் எது நஞ்சு என்று தெரியாமல் வாயில் போடுவது சட்டத்துக்கு முன்னாலேயே உயிருக்கு ஆபத்து.

வட்டக்கானலின் உண்மையான செல்வம் காலடியில் இருக்கிறது. ஊரிலிருந்து டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதையில் மண் அரித்துப் போய், மரவேர்கள் படிக்கட்டு மாதிரி வெளியே தெரிகின்றன. மழைநாளில் அவை வழுக்கும். பாறையின் மூக்கு ஆகாயத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. செல்பி எடுக்கப்போய்த் தவறி விழுந்தவர்கள் உண்டு. அதையும் தாண்டி இறங்கினால் வெள்ளகவி. கும்பக்கரை, பெரியகுளம் வரை செல்லும் பழைய நடைபாதையில் உள்ள ஊர் அது. தலைமுறை தலைமுறையாகச் சாலையில்லாமல் வாழ்ந்த ஊர். அரிசி மூட்டையானாலும் நோயாளியானாலும் தோளிலோ குதிரையிலோதான் ஏற வேண்டியிருந்தது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வருகிறவர்களும் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். 1916இல் மோட்டார் சாலை முழுமையாகத் திறக்கப்படும் முன் கொடைக்கானலுக்கு வந்தவர்கள் எல்லோரும் மலைப்பாதைகளில் இப்படித்தான் ஏறி வந்தார்கள் என்பதை, ஒருநாள் நடந்து பார்த்தவரின் முழங்கால் மறக்காது. ஆனால் அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவது சட்டப்படி கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இளைஞர்கள், உயிரிழந்தார்கள். அதன் பின் தமிழக அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வழிகாட்டியுடன் நடப்பதற்கான 40 பாதைகளை வனத்துறை அறிவித்தது.

வட்டக்கானலை ஒட்டித்தான் பாம்பார் சோலை. சோலைக்காடு மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடையை ஓடவைப்பது. கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரில் அதன் ஒரு பகுதியும், அதைச் சூழ்ந்த புல்வெளிகளின் பெரும்பகுதியும், கடந்த நூற்றாண்டில் சீகை, தைல மரம், பைன் தோப்புகளாக மாறின. 1980களில் பயணிகளாக வந்த பிரிட்டன் நாட்டு இணையர் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் வட்டக்கானலிலேயே தங்கிவிட்டார்கள். தாவரவியல் பட்டம் எதையும் நம்பி அவர்கள் வேலையைத் தொடங்கவில்லை. சோலைக்குள் தினமும் நடந்து, எந்த மரம் எப்போது பழுக்கிறது, எந்த விதை எத்தனை மாதத்தில் முளைக்கிறது என்று பார்த்தே கற்றுக்கொண்டார்கள். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெயரில் நாற்றங்கால் அமைத்து, வேறெங்கும் கிடைக்காத சோலை மரக்கன்றுகளை வளர்த்தார்கள். ருத்ராட்ச மரத்தின் உறவான எலியோகார்பஸ் பிளாஸ்கோய் அவற்றில் ஒன்று. பழனி மலைக்கே உரிய இந்த மரம் அழிவின் விளிம்பில் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தாவரவியலாளர் பிளாஸ்கோவின் பெயர் தாங்கியது. இந்த இணையர் கண்டு சொன்ன இன்னொரு விஷயம் வனத்துறையினரும் யோசிக்க வேண்டியதாக இருந்தது: பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அந்நிய மரம் என்று ஒரேயடியாக வெட்டித்தள்ளினால், கீழே திரும்பிவரும் சோலையும் சேர்ந்து அழியும். இரண்டு நாள் பயணத்தில் இதை யாராலும் கண்டிருக்க முடியாது.

2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 608 சதுர கிலோமீட்டர். காட்டுமாடுகள் எல்லை பார்ப்பதில்லை, நகரத் தெருக்களிலும் இரவில் நடக்கின்றன. கூட்டத்தைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்குள் வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அதில் விலக்கு இருந்தது. இந்த வரம்பு தேவையானது. அதை எதிர்ப்பவர்கள் மே மாத ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் ஒருமுறை நின்று பார்க்கட்டும். ஆனால் அந்த வரம்பு எண்ணியது வண்டிகளை மட்டும். மதியம் வந்து பாறையில் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைச் சரிவில் வீசிவிட்டு மாலையில் இறங்குகிறவரும், வாரக்கணக்கில் வீடெடுத்துத் தங்கி, உள்ளூர்க் கடையில் காய் வாங்கிச் சமைத்து, தினமும் நடந்தே ஊரைச் சுற்றுகிறவரும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே ஆகிவிட்டார்கள். வட்டக்கானலில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். திட்டம் போடுகிறவர்கள் அவர்களையும் கேட்டால், ஒருநாள் வண்டிகளைக் குறைத்து, பல நாள் தங்குகிறவர்களுக்கு இடம் கொடுக்கும் வழி பிறக்கும்.