படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பது? முதியோர் குடியிருப்புக்கு பணம் கட்டும் முன் கேளுங்க!

திருப்பூர்:
காலை 8.30-க்கு கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து வெளியே வர இரவு 8.30 ஆகிவிடும். நெருப்பெரிச்சல் பக்கம் பல வீடுகளில் இதுதான் நிலைமை. மகனும் மருமகளும் பனியன் கம்பெனியில். வீட்டில் வயசான அப்பாரும் ஆத்தாவும் மட்டும். 'பேசாம முதியோர் குடியிருப்புல சேர்த்துடலாமா?' என்ற பேச்சு இங்கேயும் வந்துவிட்டது.

கோவை வடவள்ளி பக்கம் இப்படிப்பட்ட குடியிருப்புகள் உள்ளன. ஒன்றின் பெயரே 'நானா நானி'. நம்மூரில் அப்புச்சி, அம்மாயி என்போமே, அதுதான் இந்தியில். தனித்தனி வீடு, பொது சாப்பாட்டு கூடம், குளியலறையில் பிடிமான கம்பி, படிக்கு பதில் சாய்தளம், அவசர மணி என்று வசதிகள் இருக்கும். சில இடங்களில் வீட்டை விலைக்கு வாங்க வேண்டும். சில இடங்களில் டெபாசிட். எதுவானாலும் மாதா மாதம் பராமரிப்பு பணம் தனி.

இங்கேதான் சூட்சுமம். நடமாட்டம் உள்ளவரை சேர்ப்பார்கள். மறதி நோய் வந்தால், படுத்த படுக்கையானால் அதே இடத்தில் வைத்து பார்ப்பார்களா, ஆளுக்கு தனி சம்பளமா, 'கூட்டிட்டு போங்க' என்பார்களா? எழுத்தில் வாங்குங்கள். டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதையும்தான்.

வீட்டை கட்டி விற்பது ஒருவர், சாப்பாடு, நர்சு பார்ப்பது இன்னொருவர் என்றும் இருக்கும். அதனால் வாங்குபவரையும் சேர்த்து மூன்று பேரும் கையெழுத்து போடும் ஒப்பந்தம் வேண்டும் என்று மத்திய அரசின் 2019 மாதிரி வழிகாட்டுதல் சொல்கிறது.

பீஸ் ரேட்டில் தைத்தவருக்கு இது எட்டுமா? பி.எப். ஓய்வூதியத்துக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். குறைந்தபட்ச தொகை 2014-ல் ரூ.1,000 என வைக்கப்பட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் ரூ.1,200 ஆனது. இதை வைத்து டெபாசிட் கட்ட முடியாது. அப்போது மிச்சம் இருப்பது இலவச முதியோர் இல்லம், இல்லாவிட்டால் சொந்த வீடு. இல்லம் என்றால் பதிவு பெற்றதா என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்த பிறகு சேருங்கள். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரை, பிசியோதெரபி போன்றவற்றை வீட்டுக்கே கொண்டுவரத்தான் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது.

சொந்த வீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. திருப்பூர் பத்திரப்பதிவு அலுவலகம் இருப்பதே நெருப்பெரிச்சலில்தான். 'பையன் பார்த்துக்குவான்' என்று தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு சோத்துக்கு கையேந்தினால்?

2007 முதியோர் பராமரிப்பு சட்டம் 23-வது பிரிவில் அந்த பத்திரத்தை ரத்து செய்ய கேட்கலாம். 'கடைசி வரை சோறு போட்டு வைத்தியம் பார்க்க வேண்டும்' என்ற நிபந்தனையை பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. நிபந்தனை இருந்தால்தான் ரத்து என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அன்பு, பாசத்துக்காக எழுதியதாக இருந்தாலே நிபந்தனை உள்ளடங்கியதுதான் என்று 2025-ல் சென்னை ஐகோர்ட்டு கூறியது. எதற்கு வம்பு? ஒரு வரி எழுதிவிட்டால் வாதாட வேண்டியதில்லை.

மனுவை வருவாய் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். (லைசென்ஸ் எடுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்லீங்க, அது வேற.) வக்கீல் கட்டாயம் இல்லை. பராமரிப்பு தொகையாக மாதம் ரூ.10,000 வரை உத்தரவிடலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாக பெறப்போகும் உறவினர் மீது மனு போடலாம். 60 வயது தாண்டியவரை பார்த்துக்கொள்ள வேண்டியவரே எங்காவது விட்டுவிட்டு போனால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற இலவச எண்ணில் காலை 8 முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.