மகப்பேற்றில் நறுமணச் சிகிச்சை

மகப்பேற்றில் நறுமணச் சிகிச்சை என்பது, கருவுற்ற பெண்களுக்கும் பேறுவலியில் இருக்கும் பெண்களுக்கும் தாவரங்களிலிருந்து வடித்தெடுக்கப்பட்ட நறுமண எண்ணெய்களை மிகக் குறைந்த செறிவில் பயன்படுத்தும் முறை ஆகும். அரோமாதெரபி எனவும் அழைக்கப்படும் இது மருந்துக்கு மாற்று அன்று. அச்சத்தையும் பதற்றத்தையும் தணித்து, வலியைத் தாங்க உதவும் துணைப் பராமரிப்பாகவே இது மருத்துவமனைகளில் இடம்பெறுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் பல மகப்பேற்றுப் பிரிவுகளில், இதற்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் இதனை வழங்குகின்றனர். அங்கு மருத்துவச்சி என்பவர் பட்டப்படிப்பு முடித்து, சட்டப்படி பதிவு பெற்ற தொழிலர் ஆவார்.

வரலாறு

அரோமாதெரபி என்னும் சொல்லைப் பரவலாக்கியவர் பிரான்சு நாட்டு வேதியியலாளர் ரெனே மொரிசு கட்டஃபோசே. இத்தலைப்பிலான அவரது நூல் 1937-இல் வெளிவந்தது. 1977-இல் வெளியான ராபர்ட் டிசரண்டின் நூலுக்குப் பின் இம்முறை ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவியது. மகப்பேற்று அறைக்குள் இது முறையாகப் பதிவு செய்யப்பட்டு நுழைந்தமைக்கு ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையே முதன்மையான எடுத்துக்காட்டு. 1990 முதல் 1998 வரை அங்கு நறுமணச் சிகிச்சை பெற்ற 8,058 பெண்களின் விவரங்கள் தொகுக்கப்பட்டு 2000-இல் வெளியிடப்பட்டன. பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் இது தமக்கு உதவியதாகவும், 14 விழுக்காட்டினர் உதவவில்லை எனவும் கூறினர். வேண்டாத விளைவுகள் 1 விழுக்காட்டு அளவில் இருந்தன. அவை பெரும்பாலும் குமட்டல், தலைவலி போன்ற சிறு தொல்லைகளே. அதே காலத்தில் பெத்திடின் என்னும் வலிநீக்கி ஊசியின் பயன்பாடு அம்மருத்துவமனையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எனினும், இந்த இறக்கத்துக்கு நறுமண எண்ணெய்தான் காரணம் என்று இவ்வாய்வைக் கொண்டு சொல்லிவிட இயலாது. அது கண்டதைப் பதிவு செய்த ஆய்வே. பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அன்று.

தொழில்முறைத் தகுதி

ஐக்கிய இராச்சியத்தில் மருத்துவச்சி என்னும் பட்டம் சட்டத்தால் காக்கப்பட்டது; நறுமணச் சிகிச்சையாளர் என்னும் பெயர் அவ்வாறு காக்கப்படவில்லை. 2008-இல் தொடங்கப்பட்ட துணைநிலை, இயற்கை நலப் பராமரிப்புப் பேரவையில் பதிவு செய்வது விருப்பத்தின்பாற்பட்டது. எனவே ஒரு சிகிச்சையாளர் கருவுற்ற பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம். ஆனால் மகப்பேறு பார்க்கும் பொறுப்பை ஏற்க முடியாது; அவ்வாறு ஏற்பது அங்கு குற்றமாகும். மறுபுறம், மருத்துவச்சி எண்ணெயைப் பயன்படுத்த வேண்டுமாயின் அதற்கெனப் பயிற்சி பெற்றிருத்தல், மருத்துவமனையின் எழுத்துவடிவ நெறிமுறை, பெண்ணின் ஒப்புதல், குறிப்பேட்டில் பதிவு ஆகியன தேவை. நெறிமுறைக்குப் புறம்பாகச் செய்தால் மருத்துவமனையின் காப்புறுதி அவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

அளவும் முறையும்

நறுமண எண்ணெய் நேரடியாகத் தோலில் பூசப்படுவதில்லை. வாதுமை அல்லது திராட்சை விதை எண்ணெய் போன்றவற்றில் கலந்தே பயன்படுத்தப்படுகின்றது. கருக்காலத்தில் பொதுவாக 1 முதல் 1.5 விழுக்காடு வரையும், பேற்றின்போது 2 விழுக்காடு வரையும் செறிவு பரிந்துரைக்கப்படுகின்றது. 20 துளிகள் ஏறத்தாழ 1 மில்லிலீட்டர் எனக் கொண்டால், 10 மில்லிலீட்டர் எண்ணெயில் 2 துளிகள் கலப்பது 1 விழுக்காடாகும். துளியின் பருமன் புட்டியின் மூடியையும் எண்ணெயின் பாகுநிலையையும் பொறுத்து மாறும் என்பதால் இக்கணக்கு தோராயமானதே.

முதுகையும் காலையும் பிடித்துவிடுதல், பாதங்களை வெந்நீரில் அமிழ்த்துதல், துணியில் ஓரிரு துளி இட்டு முகர்தல் ஆகியன வழக்கமான முறைகள். குழந்தை பிறக்கவிருக்கும் நீர்த்தொட்டியில் எண்ணெய் கலக்கப்படுவதில்லை. அது குழந்தையின் கண்ணிலும் தோலிலும் படும். அறை முழுவதும் மணம் பரப்பும் கருவிகளும் விரும்பத்தக்கன அல்ல. ஒருவருக்கு இதமான மணம் அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் குமட்டலைத் தரக்கூடும். அங்கு பணிபுரியும் செவிலியரும் கருவுற்றிருக்கலாம்.

கிளாரி சேஜ் எண்ணெய் கருப்பைச் சுருக்கங்களைத் தூண்டும் எனக் கருதப்படுவதால், 37 வாரங்கள் நிறையும் முன்னரும், ஆக்சிடாசின் சொட்டுமருந்து ஏறும்போதும் அது தவிர்க்கப்படுகின்றது. லாவெண்டர் குருதி அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதால், முதுகுத்தண்டில் வலிநீக்கி செலுத்தப்பட்டவர்களுக்கு எச்சரிக்கையுடன் பயன்படுத்தப்படுகின்றது. வலிப்பு நோய், ஆஸ்துமா, கருக்கால இரத்தப்போக்கு உடையவர்களுக்குத் தனி மதிப்பீடு தேவை.

தீங்கு தரும் எண்ணெய்கள்

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்னும் எண்ணம் தவறானது. பென்னிராயல் எனப்படும் புதினா வகையின் எண்ணெய் கல்லீரலைச் சிதைக்கும். கருக்கலைக்கும் என நம்பி அதனைக் குடித்த இளம்பெண் ஒருவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1978-இல் உயிரிழந்தார். விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் (5 மில்லிலீட்டர்) உள்ள சாலிசிலேட்டு ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்கு நிகரானது. வலித் தைலங்களில் இதே எண்ணெயின் மணத்தையே நாம் உணர்கிறோம். அருவதா, கற்பூரம், பார்சிலி விதை ஆகியவற்றின் எண்ணெய்களும் கருக்காலத்தில் தவிர்க்கப்படுகின்றன. எந்த நறுமண எண்ணெயையும் கருவுற்றவர்கள் உட்கொள்ளலாகாது.

சான்றுகள்

இத்தாலியில் 513 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2007-இல் வெளியான முன்னோட்ட ஆய்வில், இரு குழுக்களிடையே அறுவைப் பேற்றின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, தகுதியான ஆய்வுகள் இரண்டையே கண்டது. அவற்றில் பங்கேற்றோர் 535 பெண்கள் மட்டுமே. வலி குறைகின்றதா என முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்பது அதன் கருத்து. மணத்தை மறைக்க இயலாததால், எண்ணெய் பெற்றவர் யார் என்பதை ஆய்வில் மறைப்பது கடினம். மேலும், பலன் எண்ணெயாலா, கைகளால் பிடித்துவிட்டதாலா, அருகில் ஒருவர் இருந்ததாலா என்பதைப் பிரித்தறிவதும் எளிதன்று. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பேறுவலியின் தொடக்க நிலையில் வலிநீக்கத்துக்காக இதனைப் பரிந்துரைக்க வேண்டாம் எனவும், பெண்ணே விரும்பினால் அவ்விருப்பத்தை மதிக்க வேண்டும் எனவும் கூறியது.

மல்லிகை

ஆக்ஸ்போர்டில் பயன்படுத்தப்பட்ட எண்ணெய்களுள் மல்லிகையும் ஒன்று. தமிழ்நாட்டில் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இப்பூவும் புரோமோகிரிப்டின் மருந்தும் ஒப்பிடப்பட்டன. இரண்டுமே புரோலாக்டின் அளவைக் குறைத்தன. மருந்து கூடுதலாகக் குறைத்தது. பால் சுரப்பை அடக்குவதில் இரண்டும் ஒத்த பலன் தந்தன. நறுமண எண்ணெய்க்குப் பெரிதும் பயன்படுவது பிச்சி எனப்படும் வேறு இனமாகும்.