கத்தரி போட்ட காலம்

எண்பதுகளில் அம்பத்தூர் பக்கத்துக் கள்ளிக்குப்பத்துக்கு நாவல் சைக்கிள் கேரியரில்தான் வரும். எஸ்டேட் என்று நாங்கள் சொல்கிற தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவர்கள் அம்பத்தூரில் காய்கறி வாங்குகிற கையோடு வாடகை நூலகத்திலும் ஏறி இறங்குவார்கள். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு போல வாடகை. டிபன் கேரியர் கூடைக்குள் ஒரு சாண்டில்யன், ஒரு லக்ஷ்மி, ஒரு ராஜேஷ்குமார். அப்பாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று எடுத்து வந்தாலும் மூன்றையும் மூன்று பேரும் படித்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பது. வாடகை கொடுத்தாயிற்று, சும்மா விடுவதா?

அந்தக் கஞ்சத்தனத்தால் ஒரு நன்மை. சரித்திரக் கதை வாசகர், துப்பறியும் கதை வாசகர், குடும்பக் கதை வாசகி என்று யாரும் தனித்தனித் திண்ணையில் உட்காரவில்லை. ‘கடல் புறா’வை முடித்த பெரியவர் அலுத்துக்கொண்டே ரமணிசந்திரனையும் புரட்டுவார். புரட்டிவிட்டு, கதாநாயகன் எப்போதுமே பணக்காரனாக இருக்கிறானே, எஸ்டேட்டில் வேலை பார்க்கிற பையனுக்கெல்லாம் காதல் வராதா என்று கேட்பார். நியாயமான விமர்சனம்தான்.

நூலகத்தில் எனக்குப் பிடித்தது பைண்டு பண்ணின தொடர்கதைகள். குமுதத்திலும் விகடனிலும் வந்த பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிக்கோ முதுகு ஒட்டி, மேலே மசியில் தலைப்பு எழுதியிருப்பார்கள். ஜெயராஜ் வரைந்த பெண்ணின் பாதி முகம் தையலுக்குள் போயிருக்கும். பின்பக்கத்தில் தலைவலி மாத்திரை விளம்பரம், பாதி ஜோக், யாரோ ஒரு நடிகையின் பேட்டியில் கடைசிப் பத்தி. கதைப்பக்கத்தை மட்டும் எண்ணினால் ஒரு வாரத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. விளம்பரம் நெருக்கினால் அதிலும் குறைச்சல்.

அந்த மூன்று நான்கு பக்கம்தான் அன்றைய நாவலைச் செய்தது என்று நினைக்கிறேன். பத்திரிகை ஆசிரியர் கையில் கத்தரி இருந்தது. சுஜாதா தன் வக்கீல் கணேஷை ஓர் அறைக்குள் அனுப்பினால் வானிலை அறிக்கை வாசிக்க மாட்டார். இரண்டே வரியில் நாற்காலி, சிகரெட், பொய் சொல்கிற முகம் மூன்றும் வந்துவிடும். 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி, ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவரை இருட்டில் நிறுத்திவிட்டுத்தான் போனார். இடுப்பையும் பாய்மரத்தையும் ஒரே மூச்சில் வர்ணிக்கிற சாண்டில்யனுக்குக்கூட அத்தியாயம் முடிவதற்குள் ஒரு வாள் உருவப்பட்டாக வேண்டும் என்பது தெரியும்.

எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. தொடர் நன்றாகப் போனால் இழுப்பார்கள். கதாநாயகி இரண்டு மாதமாக ஒரே மாடிப்படியில் நிற்பாள். போகாவிட்டால் அடுத்த வாரமே சட்டென்று முடித்துவிடுவார்கள்.

வேறு வகைக் கத்தரியும் இருந்தது. 1857 சிப்பாய்க் கலகப் பின்னணியில் சுஜாதா குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நின்றது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறாக எழுதினார். பத்திரிகை நிறுத்தினால் நின்றதுதான், வாசகனுக்கு வேறு வழி கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் இன்றைய காலத்துக்கு என் ஓட்டு. 2010-ல் வந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ மீது 2014 கடைசியில் போராட்டம் கிளம்பியது, அவர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போய், 2016 ஜூலையில் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. புத்தகமும் வந்தது, அவரும் வந்தார்.

பாக்கெட் நாவல்கள் தனி ராஜ்ஜியம். 1969-ல் ராணிமுத்து ஒரு ரூபாய்க்கு முழு நாவல் கொடுக்க ஆரம்பித்தது. பின்னால் மாலைமதி, ஜி.அசோகனின் பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கின. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடக்கிற கூட்டத்தில் பத்துப் பேர் சட்டைக்குள் ஒன்றாவது இருக்கும். ராஜேஷ்குமாரின் கட்டுமானம் எல்லோருக்கும் மனப்பாடம்: ஓர் அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்தது சம்பந்தமே இல்லாத இன்னோர் ஊரில், கடைசியில் இரண்டும் மோதும். எப்படி மோதும் என்று டீக்கடையில் பந்தயம் கட்டுவார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா இந்த மாதம் டீ-ஷர்ட்டில் என்ன வாசகம் போட்டிருக்கிறாள் என்று பார்ப்பதற்காகவே வாங்கியவர்களும் உண்டு.

அந்தக் கயிறு இப்போது அறுந்துவிட்டது. செங்குன்றம் சாலையில் நான் போய்வருகிற கடைகளில் அதே இடத்தில் ஷாம்பு பாக்கெட்டும் குர்குரேவும் தொங்குகின்றன. ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டி எழுதிய ராஜேஷ்குமாரை விடுங்கள். அவருக்குப் பின் துப்பறியும் கதையில் புதுத் தலைமுறை ஒன்று பலமாக எழுந்து வந்ததாக எனக்குப் படவில்லை. கொலை பார்க்க வேண்டுமா, ஓடிடியில் மலையாளப் படம் இருக்கிறது. 2008-ல் சென்னையில் இருக்கும் பிளாஃப்ட் பதிப்பகம் நம்முடைய பாக்கெட் நாவல்களிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு போட்டது. நாம் ரயில் சீட்டுக்கடியில் விட்டுவிட்டு வந்ததை அவர்கள் வழவழப்பான அட்டை போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

இன்றைய நாவல்களுக்கு வருகிறேன். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, நாங்களும் சென்னைக்காரர்கள் ஆனோம். புத்தகம் வாங்க ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சிக்குப் போனால் ஆயிற்று. போக முடியாவிட்டால் கூரியர் பையன் வாசலில் நின்று ஓ.டி.பி. கேட்கிறான். நாவல்களும் அன்று கனவு காணாத இடங்களுக்கெல்லாம் போயிருக்கின்றன. ஈழப்போரை உள்ளிருந்து எழுதிய ஷோபாசக்தியின் ‘கொரில்லா’, சயந்தனின் ‘ஆதிரை’ மாதிரி நாவல்களை அன்றைய வாரப்பத்திரிகை நான்கு பக்கத்தில் அடைத்திருக்கவே முடியாது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை எந்தப் பத்திரிகை தொடராகப் போட்டிருக்கும்? வஸ்து கனத்துவிட்டது, சந்தேகமே இல்லை.

கூடவே புத்தகமும் கனத்துவிட்டது. சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’, பூமணியின் ‘அஞ்ஞாடி’, ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை, மூன்றும் சாகித்ய அகாதமி விருது பெற்றவை. மூன்றையும் மதிக்கிறேன். மூன்றிலும் ஒரு முந்நூறு பக்கம் குறைந்திருந்தால் இன்னும் அதிகம் மதித்திருப்பேன். ஆய்வுக்குத் திரட்டிய குறிப்பு அத்தனையும் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்கிறது. இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்கள், உங்களுக்கு வாரப்பத்திரிகைப் பழக்கம் சார் என்பார்கள். இருக்கட்டுமே.

எனக்கு ஆதரவாக சு.வெங்கடேசனையே சாட்சிக்கு அழைக்கிறேன். ‘காவல் கோட்டம்’ எழுதிய அதே கை, விகடனில் நூறு வாரங்களுக்கு மேல் ‘வேள்பாரி’ எழுதியது. மணியம் செல்வன் படம். பறம்பு மலையின் செடிகொடி, விலங்கு, சடங்கு என்று அதிலும் தகவல் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வாசகன் காத்திருந்தான் என்பதால் தகவல் ஓடிக்கொண்டே பேசுகிறது. எங்கள் தெருவில் இன்ஜினீயரிங் படித்த பிள்ளைகள் விடாமல் படித்த ஒரே தமிழ் நாவல் அதுதான். 2022-ல் மணிரத்னம் படம் வந்தபோது ‘பொன்னியின் செல்வ’னை ஐந்து பாகமாக வாங்கினார்கள், முதல் பாகத்தில் வந்தியத்தேவன் இன்னும் குதிரையோடு நிற்கிறான். ஜெயமோகன் 2014-லிருந்து 2020 வரை இணையத்தில் தினம் ஓர் அத்தியாயம் போட்டு ‘வெண்முரசு’ இருபத்தாறு நாவல்களை முடித்தார். அந்தத் தினசரிக் கெடு இல்லையென்றால் அவ்வளவு பெரிய மகாபாரதம் கரை சேர்ந்திருக்காது என்பது என் ஊகம்.

கெடுவே இல்லாமல் தன்னைத்தானே வெட்டிக்கொண்ட நாவல் என்றால் இமையத்தின் ‘செல்லாத பணம்’. ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்ட ரேவதி உடம்பெல்லாம் வெந்து ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். வெளியே அப்பாவும் அம்மாவும் அண்ணனும். பெரும்பகுதி பேச்சுதான். யார் கொளுத்தினார், அவளே கொளுத்திக்கொண்டாளா என்று ஒரு துப்பறியும் நாவலின் கேள்வி அடியில் ஓடுகிறது. இமையம் அதற்கு அவசரமே படுவதில்லை, ஆனாலும் வாசகன் கையை விடுவதுமில்லை. பாக்கெட் நாவல் படித்துப் பழகிய என் தலைமுறைக்கு இன்றைய இலக்கிய நாவல் ஒன்றைக் கையில் கொடுப்பதானால் இதைத்தான் கொடுப்பேன்.

கத்தரி எங்கே போயிற்று என்று தேடினால் அது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, மனைவியின் கைப்பேசியில். ரமணிசந்திரனை வாடகைக்கு எடுத்துப் படித்தவள் இப்போது பிரதிலிபியிலும் இன்னும் ஏதேதோ தளங்களிலும் தொடர்கதை படிக்கிறாள். எழுதுகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுதுகிறவர்கள். அத்தியாயத்தை ‘யூடி’ என்கிறார்கள், அப்டேட்டின் சுருக்கமாம்.

“இன்னைக்கு யூடி வரலைங்க. அந்தப் பொண்ணுக்குக் கொழந்தைக்குக் காய்ச்சலாம், நாளைக்குப் போடறேன்னு எழுதியிருக்கா.”

“எந்தப் பொண்ணு? கதையில வர்றவளா?”

“ஐய, எழுதறவங்க!”

கிண்டலாக வாங்கித்தான் படித்தேன். முரட்டு நாயகன், கட்டாயக் கல்யாணம், பிறகு உருகுதல். சில கதைகளில் அவன் செய்வதைப் பார்த்தால் காதல் என்று சொல்ல முடியாது, போலீஸ் ஸ்டேஷனில் புகார்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதற்கு, “உங்க சாண்டில்யன் மட்டும் என்னவாம்?” என்று கேட்டாள், பதில் இல்லை. ஆனால் அத்தியாயத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது இந்தப் பெண்களுக்குக் கச்சிதமாகத் தெரிந்திருக்கிறது. இழுத்தால் வாசகிகள் அன்றே திட்டிவிடுகிறார்கள். சமையல், மாமியார், வீட்டுக்கடன் தவணை எல்லாம் பழைய குடும்ப நாவல்களைவிட நிஜமாக வருகின்றன. இலக்கியவாதிகள் யாரும் இதைப் படிப்பதில்லை, இவர்களும் இமையத்தைப் படிப்பதில்லை. வாடகை மிச்சப்படுத்தவாவது ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் புரட்டிய காலம் போய்விட்டது.

என் சொந்தக் குறை வேறு. எங்கள் வாழ்க்கை நாவலில் வரவில்லை. அன்று, டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்த பாலகுமாரன் சாவியில் ‘மெர்க்குரிப் பூக்கள்’ எழுதியபோது, தொழிற்சாலை ஸ்டிரைக் கதைக்குள் வந்ததே என்று ஷாப் ஃப்ளோரில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். பிறகு திருப்பூர் பனியன் தொழிலுக்கு எம்.கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ வந்தது. ஐ.டி. காரிடாருக்கு விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ வந்தது. சிந்தாதிரிப்பேட்டைக்குத் தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’; அந்த மெட்ராஸ் பாஷையைச் சத்தம் போட்டுப் படித்தேன், வீட்டில் திட்டு வாங்கினேன். எங்கள் பக்கத்துக்கு மிக நெருங்கி வந்தது தமிழ்மகனின் ‘வெட்டுப்புலி’, தீப்பெட்டி அட்டைப் படத்தைப் பிடித்துக்கொண்டு திராவிட இயக்கத்தையும் சினிமாவையும் தொட்டுப் போகிற நாவல். அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத் பட்டறையை மையமாக வைத்த நாவல் இதுவரை என் கைக்குக் கிடைக்கவில்லை.

விஷயமா இல்லை? லேத் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடம். உள்ளே ராத்திரி ஷிப்ட் பிள்ளைகள், வெளியே டீ விற்கிற முன்னாள் டர்னர். கள்ளிக்குப்பத்தில் ஓர் அறைக்கு ஆறு பேராக ஒடியாவிலும் இந்தியிலும் வீட்டுக்குப் போன் பேசுகிற இளைஞர்கள். சூரப்பட்டு சுங்கச்சாவடியில் விடியவிடிய நிற்கிற லாரிகள். துப்பறியும் நாவலாக எழுதலாம், காதலாக எழுதலாம். நாய் ரோபோவை வைத்து எண்பதுகளிலேயே சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வந்துவிட்டது. எஸ்டேட்டில் உண்மையான ரோபோ கை வெல்டிங் பண்ணுவதை எழுத ஆளைக் காணோம்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், எஸ்டேட்டில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறான், நாவல் எழுதுகிறானாம். பட்டறைதான் களமாம். சந்தோஷமாகி, எத்தனை பக்கம் வரும் தம்பி என்று கேட்டேன்.

“ஒரு எழுநூறு வரும் சார்.”

“மொதல்ல நாலு பக்கம் கொண்டா. அடுத்த வாரம் நானே வந்து மிச்சத்தைக் கேட்டா, எழுநூறும் எழுது.”