துடுப்பு இயந்திரமும் மாதச் சந்தாவும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தம்பானூரில் காலை நடைப்பயிற்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய சாலைகளில் தண்ணீர் தேங்கினால் நடைபாதை எது, ஓடை எது என்று தெரிவதில்லை. ஜூனில் விட்ட நடையை, வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்த பிறகு டிசம்பரில்தான் பலர் மீண்டும் தொடங்குகின்றனர்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் கிளைக்கு வந்த ஒரு தம்பதியரின் கேள்வியும் இதிலிருந்தே பிறந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவருக்கு ரயில்வேயில் பணி. ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. இரத்தச் சர்க்கரை கூடிவிட்டதால் உடற்பயிற்சியை விடக் கூடாது என்று மருத்துவர் கூறியிருந்தார். வீட்டிலேயே துடுப்பு வலிக்கும் இயந்திரம் ஒன்றை, அதாவது ரோயிங் மெஷின் ஒன்றை, தனிநபர் கடனில் வாங்க அவர் விரும்பினார். அதிலும் திரையில் விளையாட்டு ஓடும் வகைதான் வேண்டும் என்றார். “விளையாட்டா இருந்தா விடாம செய்வேன் சார்” என்பது அவர் வாதம். அம்மையார் ஒரே வாக்கியத்தில் மறுத்தார்: “போன தடவை வாங்குன டிரெட்மில்லுல இப்ப துணி காயுது சார்.”

கடன் கொடுப்பது எங்கள் தொழில். ஆயினும் இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எனவே கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தோம்.

முதலில் இயந்திரத்தைப் பற்றி. கேரளத்தில் துடுப்பு என்றதும் ஆலப்புழை புன்னமடைக் காயலும், 1952-இல் நேரு வந்தபோது தொடங்கிய வள்ளம்களிப் போட்டியும் நினைவுக்கு வரும். ஆனால் பாம்புப் படகில் துடுப்புப் போடுவோர் முன்னோக்கி அமர்ந்திருப்பர். இந்த இயந்திரம் பின்பற்றுவது, 1867-இல் தொடங்கிய மதராஸ் படகுக் குழாம் போன்றவை அடையாற்றில் வளர்த்த வேறொரு முறையை. அதில் வலிப்பவர் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி, நகரும் இருக்கையில் அமர்ந்து, கால்களால் உந்தி வலிப்பார். உழைப்பில் பெரும்பங்கு கால்களுடையது. முதுகும் கைகளும் பிறகே சேரும். முழங்காலில் உடல் எடை இறங்காது என்பதால் வயதானவர்களுக்கும் ஏற்றது. ஆனால் விளையாட்டில் வெல்லும் வேகத்தில் முதுகை வளைத்து வெடுக்கென்று இழுத்தால் இடுப்பு வலி நிச்சயம்.

எதிர்ப்பு விசையை உண்டாக்கும் வழியைப் பொறுத்து இவை நான்கு வகைப்படும். எண்ணெய் உருளை வகை மலிவானது. ஆனால் வலிக்க வலிக்க எண்ணெய் சூடாகி விசை தளரும். காந்த வகை ஓசையற்றது. நீர்த்தொட்டி வகையின் சலசலப்பு இனிமையானது. காற்று வகையில் சக்கரம் விசிறிபோல் இரையும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு பதினொரு மணிக்கு வலித்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டக்கூடும்.

விளையாட்டு வகையைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் திரையின் அகலத்தையே பார்க்கின்றனர். பார்க்க வேண்டியது, இயந்திரம் உழைப்பை எப்படி அளக்கிறது என்பதை. அமெரிக்காவின் கான்செப்ட்2 நிறுவனத்தின் காற்று வகை இயந்திரம், ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதைக் கணித்து, அதிலிருந்து உழைப்பை வாட் கணக்கில் கூறும். 500 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் கடக்கும் வேகத்துக்கு ஏறத்தாழ 104 வாட் வேண்டும். அதையே இரண்டு நிமிடத்தில் கடக்க ஏறத்தாழ 203 வாட். வேகம் கால் பங்கு கூடினால் உழைப்பு இரு மடங்காகிறது. மலிவான காந்த இயந்திரங்கள் பலவும் சக்கரத்தின் சுற்றுகளை மட்டுமே எண்ணுபவை. அவற்றில் விசையைக் குறைத்து வைத்து வேகமாக ஆட்டினாலே திரையிலுள்ள படகு பறந்துவிடும். படகு வெல்லும், உடலுக்கு ஒன்றும் சேராது.

அடுத்த கேள்வியே முதன்மையானது: விளையாட்டு எங்கே இருக்கிறது? எர்காட்டா, அவிரான் போன்றவற்றில் பெரிய திரை இயந்திரத்தோடு சேர்ந்தே வருகிறது. விளையாட்டுகளுக்கு மாதச் சந்தா தனி. மாறாக, கான்செப்ட்2-இன் சிறிய பி.எம்.5 திரையிலேயே மீன் விளையாட்டு முதலிய சில எளிய விளையாட்டுகள் உள்ளன, சந்தா இல்லை. காட்சி அழகு வேண்டுவோர் ப்ளூடூத் வழியாகத் தம்மிடமுள்ள கைப்பேசியையோ டேப்லெட்டையோ இணைத்து, இ.எக்ஸ்.ஆர். போன்ற செயலிகளில் வலிக்கலாம். வேறு இயந்திரம் வாங்குவோர், அது ‘ஃபிட்னஸ் மெஷின் சர்வீஸ்’ என்னும் பொதுத் தரத்தில் ப்ளூடூத் இணைப்புத் தருகிறதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். தந்தால், ஒரு செயலி நின்றுபோனாலும் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம்.

செயலி நின்றுபோகுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஃப்ளைவீல் என்னும் நிறுவனம் வீட்டுச் சைக்கிள் பயிற்சி இயந்திரங்களை இணையவழி வகுப்புகளோடு விற்றது. காப்புரிமை வழக்குக்குப் பின், 2020 மார்ச் மாதத்தில் அவ்வகுப்புகளை அடியோடு நிறுத்திற்று. வாங்கியவர் வீட்டில் சைக்கிள் இருந்தது. எதற்காக வாங்கினாரோ அது இல்லை.

இனி எங்கள் துறை. எண்கள் எடுத்துக்காட்டுக்கே. இயந்திரம் 1,20,000 ரூபாய், சந்தா மாதம் 2,500 ரூபாய் என்று கொள்வோம். நான்கு ஆண்டுச் சந்தா இன்னொரு 1,20,000 ரூபாய். இரண்டாவது இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவராமல் விட்டதற்குச் சமம். சந்தா வெளிநாட்டு நாணயத்தில் கழிக்கப்பட்டால் அட்டையின் நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஏறும்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்னும் சொல்லிலும் கவனம் தேவை. பூஜ்ய வட்டி என ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. மாதம் 10,000 ரூபாய் வீதம் 12 தவணை என்றால், 15 விழுக்காடு ஆண்டு வட்டியில் உண்மையான கடன் ஏறத்தாழ 1,10,800 ரூபாய். மீதி 9,200 ரூபாய் வட்டி. அதையே விற்பவர் தள்ளுபடியாக முன்கூட்டிக் கழித்துக் காட்டுகிறார். அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாடிக்கையாளர் தலையில், ஏறத்தாழ 1,650 ரூபாய். செயலாக்கக் கட்டணமும் இருக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்ட பின்னரே தவணைத் தாளில் கையெழுத்திடுவது நல்லது.

மாதச் சந்தா அட்டையிலிருந்து தானாகக் கழியும்போது, 2021 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காது, எனவே அந்த அறிவிப்பே உங்கள் ஒரே காவல். வலிப்பதை நிறுத்திய மாதமே சந்தாவுக்கான ஒப்புதலை வங்கிச் செயலியில் ரத்து செய்துவிடலாம். பலர் செய்வதில்லை. செயலியை அழித்தால் சந்தாவும் நின்றுவிடும் என்று எண்ணுவோரை வாரந்தோறும் காண்கிறோம்.

வீட்டையும் அளந்துகொள்ள வேண்டும். கான்செப்ட்2 இயந்திரத்தின் நீளம் 244 செ.மீ.; வலித்து முடித்ததும் இரண்டாகப் பிரித்து வைக்கலாம். திருவனந்தபுரத்தின் கடற்காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும். சங்கிலி உள்ள வகையெனில் எண்ணெயிட மறக்கக் கூடாது. பெரிய திரைக்கு மின்சாரம் வேண்டும், பி.எம்.5 மின்கலத்தில் இயங்கும்.

தம்பதியர் அன்று கடன் விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. தவணைத் தொகையையே மாதந்தோறும் தொடர் வைப்பில் ஆறு மாதம் போடுவது, அதுவரை அவர் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் இதே வகை இயந்திரத்தில் வலித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று; நிபந்தனை அம்மையாருடையது. விட்டுவிட்டால் பணம் வைப்பிலேயே இருக்கும் அல்லவா? அவர் விடவில்லை. ஜனவரியில் வைப்புத் தொகையோடு சிறிது சேமிப்பும் சேர்த்து, பயன்படுத்திய காற்று வகை இயந்திரம் ஒன்றை வாங்கினர். டிரெட்மில்லை விற்றுவிட்டார்கள். மீன் விளையாட்டில் இப்போது அம்மையாரின் புள்ளிகளே அதிகம் என்று, சென்ற வாரம் பாஸ்புக் பதிய வந்த கணவர் சற்றுக் குறையாகவே சொன்னார்.